கையில் சிங்கம் எழுதிய வாரம்

அன்றைக்கு இந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. நான் ஒன்று. ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெபமணி டீச்சர் இரண்டு. இரண்டாம் நம்பர் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் முருகேஸ்வரி மூன்று. அவள் மகள் மதுநிஷா, ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, நான்கு. ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒன்றாம் வகுப்புப் பையன் ஐந்து. அடுத்த கட்டிலில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆறு. வேன் டிரைவர் தங்கப்பாண்டி ஏழு. அவர் ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றார். முழு ஆளாகத்தான் எண்ணியிருக்கிறேன். சுவரில் படமாகத் தொங்குகிற பழைய தாளாளரை எண்ணவில்லை.

ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து.

நீங்கள் நகராட்சி ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்திருப்பதாக டீச்சர் சொன்னார். முருகேஸ்வரி மனுக் கொடுத்திருக்கிறாளாம். அவள் மனுவில் எத்தனை பேர் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள்? ஆறா? பார்த்தீர்களா. ஓர் ஆளை விட்டுவிட்டாள். ஆளையே விடுகிறவள் வேறு எதையெல்லாம் விட்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நர்ஸ் இல்லை. என் பெயர் சீனியம்மாள். ஏழாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு ஆயா. அதன் பிறகு ஒன்பது வருஷமாக இந்த அறை. பிள்ளைகள் நர்சம்மா என்று கூப்பிடுகிறார்கள். நான் கூப்பிடச் சொன்னதில்லை. அறையில் இரண்டு கட்டில், ஒரு தெர்மாமீட்டர், ஒரு வாளி, நான்கு துண்டு, ஒரு நோட்டு. யார் வந்தது, எந்த வகுப்பு, எத்தனை மணி, எத்தனை டிகிரி, வீட்டில் என்ன சொன்னார்கள், எல்லாம் நோட்டில் இருக்கும். டீச்சர்கள் பேசினால் எனக்குப் பதில் வராது. நான்கு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

உங்களுக்குப் பெற்றவர்களைத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வருகிற பெற்றவர்கள் வேறு மாதிரி. அங்கே இல்லாத நோயையும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பெற்றவர்கள் இருக்கிற நோயையும் சொல்ல மாட்டார்கள். காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் மருந்தை வாயில் ஊற்றி வேனில் ஏற்றிவிடுவார்கள். ஒன்பதேகாலுக்குப் பெயர் கூப்பிடும்போது பிள்ளை எழுந்து ‘உள்ளேன்’ சொல்லிவிடும். பதினொரு மணி தாண்டினால் மருந்து இறங்கும். பதினொன்றரைக்குப் பிள்ளை என் கட்டிலில் இருக்கும்.

போன் போட்டால், “காலைல நல்லாத்தான இருந்தான்” என்பார்கள். இந்த ஒரே பேச்சை ஜூன் பத்தாம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து நேற்று வரை நாற்பத்தாறு தடவை கேட்டிருக்கிறேன். ஓர் அப்பா, “பத்து நிமிஷத்துல வர்றேன்” என்றார். சொன்னது பன்னிரண்டு ஐந்துக்கு. வந்தது மூன்று ஐம்பதுக்கு. என்னங்க இது என்றேன். “அதான் வந்துட்டோம்ல, விடுங்க நர்சம்மா” என்றார்.

பிள்ளைகளையும் பழக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். நெற்றி கொதிக்கிறது.

“மருந்து குடிச்சியா?”

“இல்ல.”

“வாயில மருந்து வாசம் வருதே.”

“குடிக்கலைன்னு சொல்லணும்னு அம்மா சொன்னாங்க.”

“அப்ப குடிச்சியா?”

“ரெண்டு மூடி.”

எல்லாம் எதற்கு? வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுக்கிறார்கள், அதற்குத்தான். டப்பாவுக்காக இல்லை. மேடைக்காக. மேடையில் ஏறும்போது போட்டோ எடுப்பார்கள். ஒரு போட்டோவுக்காகக் காய்ச்சலோடு அனுப்புகிற ஜனம் எதைத்தான் மறைக்காது?

எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். எட்டு டப்பா, ஒரு வருஷம் விழா நடக்காததால் ஒரு சான்றிதழ். ஒன்பது வருஷத்தில் நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அது வேறு. நான் வேலைக்கு வருகிறவள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளுக்கு முத்துப் போட்டது. அந்தப் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன். ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வேன். நீங்கள் படித்தவர்கள், சின்னம்மை என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்தாம் தேதி மூன்று. பதினொன்றில் மூன்று. பன்னிரண்டில் இரண்டு. பதினைந்தில் இரண்டு. பதினாறில் ஒன்று. மொத்தம் பதின்மூன்று. பதினெட்டாம் தேதி கட்டிலில் இருந்த இரண்டும் வெறும் காய்ச்சல், அதில் சேராது. பதின்மூன்றில் பெரிய பிள்ளை என்றால் ஐந்தாம் வகுப்பு. அத்தனையும் பொடிசுகள்.

பெற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒருத்தி கொசுக்கடி என்றாள். ஒருத்தி வேர்க்குரு என்றாள். கொசு வரிசையாக முதுகில் மட்டும் கடிக்குமா? கொசுக்கடி என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இந்த வருஷ நோட்டில் எழுபத்தோரு கேள்விக்குறி இருக்கிறது.

இப்போது முருகேஸ்வரிக்கு வருவோம்.

ஜூலை மூன்று, நான்கு, ஐந்து. மூன்று நாள் அவள் மகள் வரவில்லை. அவள் மட்டும் வேனில் வந்துகொண்டிருந்தாள். “புள்ள எங்க?” என்று கேட்டேன். “வயித்துப்போக்கு சீனியக்கா” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எட்டாம் தேதி மகள் வந்தாள். நான் காலையில் கேட்டருகே நிற்பது வழக்கம். அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது மஞ்சள் வாசம். கழுத்தைப் பார்த்தேன், மஞ்சள் நிறம். தலையில் வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலை, சின்னது, காய்ந்தது. வயிற்றுப்போக்குக்கு எந்த ஊரில் வேப்பிலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

அவள் வந்த அதே எட்டாம் தேதிதான் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு முத்து. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

வீட்டில் ஆத்தாவை வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளே தலைக்கு ஊற்றி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அனுப்பியிருக்கிறாள். மூன்று நாளும் அதே சேலையோடு வேனில் ஏறிப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இறக்கியிருக்கிறாள். பதின்மூன்றில் நான்கு பேர் அவள் வேன். மற்ற ஒன்பது? விளையாட்டு மைதானம் எல்லோருக்கும் பொதுதானே.

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்கிறீர்களா? ஒருவருக்கும் இல்லை. அந்தப் பெண்ணோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற இரண்டு பேருக்கும் இல்லை. பெரிய பிள்ளைகள், சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். இதை ஏன் அடிக்கோடு போடுகிறீர்கள்?

பதினெட்டாம் தேதி காலையில் பெற்றவர்கள் கேட்டில் கூடிச் சத்தம் போட்டார்கள். இருபது பேர் இருக்கும். இருபத்திரண்டு. காய்ச்சல் பிள்ளையை அனுப்பிவிட்டு வாயைத் திறக்காத அதே பெற்றவர்கள்தான். தாளாளர் போனில் ஜெபமணி டீச்சரிடம், யாரால் வந்தது என்று எனக்கு மத்தியானத்துக்குள் தெரிய வேண்டும் என்றாராம். டீச்சர் இங்கே வந்தார்.

“சீனியம்மா, இது யார்ட்ட இருந்து ஆரம்பிச்சதுன்னு உங்க நோட்டு சொல்லுதா?”

ஜூலை மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினேன். வயிற்றுப்போக்கு, கேள்விக்குறி.

முருகேஸ்வரியையும் மகளையும் கூப்பிட்டார்கள். தங்கப்பாண்டி வேன் சாவி கொடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“முருகேசு, புள்ளைக்கு என்ன வந்துச்சு?” என்றார் டீச்சர்.

“வயித்துப்போக்கு டீச்சர். இப்ப சரியாப்போச்சு.”

“வயித்துப்போக்குக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனியா?” என்றேன் நான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம், “டிரைவரண்ணன வெளிய போகச் சொல்லுங்க” என்றாள்.

“நான் என்னத்தப் பண்ணேன்? சாவி குடுக்கத்தான வந்தேன்” என்றார் தங்கப்பாண்டி. போகவில்லை.

நேரம் கடத்துகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம், “சட்டையக் கொஞ்சம் தூக்கு புள்ள, முதுகுல தழும்பு இருக்கான்னு பாத்துருவோம்” என்றேன். அது சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டது. கட்டிலில் படுத்திருந்த நான்காம் வகுப்புப் பெண் எழுந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. அப்போது மதுநிஷா தன் அம்மாவைப் பார்த்து, “சொல்லாதம்மா” என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், டாக்டரம்மா. சொல்லாதே என்று ஒரு பிள்ளை சொன்னால், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

“எம்புள்ளைக்கு அது இல்ல” என்றாள் முருகேஸ்வரி.

“அப்ப எது?”

அவள் டிரைவரைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் பதில் இல்லை. உண்மை பேசுகிறவளுக்கு ஒரு நிமிஷம் எதற்கு?

“நாளைல இருந்து வேனுக்கு வர வேண்டாம் முருகேசு” என்றார் டீச்சர். “புள்ளையும் டாக்டர் சீட்டு வாங்கிட்டு வந்தா உள்ள விடுறோம். இல்லாட்டி வேற பள்ளிக்கூடம் பாத்துக்க.”

வேனில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைக்கு இங்கே சம்பளம் இல்லாத படிப்பு. வேலை போனால் அதுவும் போயிற்று. இன்றோடு ஒன்பது பள்ளி நாள் அந்தப் பெண் வரவில்லை. வருகைப் பதிவை நான் தினமும் பார்க்கிறேன். பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது முருகேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

“சீனியக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். புள்ள பெரிய மனுஷி ஆயிட்டா. அதுக்குத்தான் மூணு நாள் வீட்டுல வச்சிருந்தேன். அதுக்குத்தான் தண்ணி ஊத்துனேன்.”

“அப்படின்னா அங்கயே சொல்ல வேண்டியதுதான?”

“டிரைவர் நிக்கிறாரு. எப்படிக்கா சொல்லுவேன்? புள்ள எந்தலைல கைய வச்சு சத்தியம் வாங்கியிருக்கா. போன வருசம் அவ கூடப் படிக்கிற புள்ளைக்குச் சடங்கு வச்சு, பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல பிளெக்ஸ் போர்டு கட்டுனாங்கள்ல? அந்தப் புள்ள போட்டோவப் பாத்துப் பயலுக பண்ணுன கேலில அது படிப்பையே விட்டுட்டுப் போயிருச்சு. எந்தம்பிக்குத் தெரிஞ்சா பத்தடிக்குக் கட்டுவான். அதான் அவனுக்கும் சொல்லல.”

தாய்மாமனுக்கே சொல்லாமல் ஒரு சடங்கு எங்கேயாவது உண்டா? இருபத்தாறு வருஷம் வார்டில் இருந்தவள் நான். ஒரு பெண் பிள்ளை பெரியவளானால் எனக்கு நடையிலேயே தெரியும். நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு அம்மாக்கள் சொல்கிற கதை எத்தனையோ கேட்டாயிற்று. ஆனால் அவள் கேட்டுக்கொண்டபடி நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம், அவர் கேட்டதால். தங்கப்பாண்டியிடம், அவர் ஏற்கெனவே பாதி ஊகித்துவிட்டதால். இப்போது உங்களிடம். மொத்தம் மூன்று பேர்தான்.

நீங்கள் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா? பிள்ளையின் உடம்பில் ஒரு தழும்பு இல்லையா? முதுகு, வயிறு, தலைக்குள் எல்லாம் பார்த்தீர்களா? சரி. டாக்டர் சொன்னால் சரிதான். மஞ்சள் போட்டுத் தேய்த்தால் சில உடம்பில் தழும்பு நிற்காது என்றும் சொல்வார்கள்.

என் கையையா கேட்கிறீர்கள்? இது ஒன்றுமில்லை. அக்கி. ஆறிப்போயிற்று, கறுப்புதான் மிச்சம்.

எப்போது வந்தது என்றால், ஜூன் இருபத்தொன்று வெள்ளிக்கிழமை வலது கையில் முழங்கைக்குக் கீழே உள்பக்கம் நெருப்பாய் எரிந்தது. ராத்திரிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கொத்துக் கொத்தாய்க் கொப்புளம். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் வேளார் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாதா? மண்பானை செய்கிற வேளார்தான் அக்கிக்கு எழுதுவார். காவியைக் குழைத்துக் கோழி இறகால் கொப்புளத்தின் மேல் பூசி, நடுவில் சிங்கம் எழுதுவார். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று சாயங்காலம். எரிச்சல் பாதி அடங்கிவிடும். எழுதினால் அந்த வாரம் தண்ணீர் படக் கூடாது, துணி மூடக் கூடாது. நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். சோப்புப் போடவில்லை. சேலைத் தலைப்பைக்கூட மேலே விடவில்லை.

ஆமாம், வேலைக்கு வந்தேன். இருபத்துநான்காம் தேதி திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் வந்தேன். அக்கிக்கு யாராவது லீவு போடுவார்களா? எழுந்து நடமாடுகிறேன், காலையில் நன்றாகத்தான் இருந்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போங்கள் என்பார், ஒன்பது வருஷக் கணக்கு கெட்டுவிடும். அதோடு எனக்குக் கூச்சம், உடம்பைப் பற்றி யாரிடமும் பேசி வழக்கமில்லை. டீச்சர் ஒரு நாள் கையைப் பார்த்துவிட்டு, “என்ன சீனியம்மா செவப்பா?” என்றார். மருதாணி என்றேன். அது பொய்யில் சேராது. மருதாணியும் சிவப்புதானே.

மறுபடியும் சொல்லுங்கள்?

இரண்டும் ஒன்றா? அக்கியும் ஆத்தாவும் ஒரே கிருமியா? யார் சொன்னது? புத்தகத்தில் இருக்கிறதா? டாக்டரம்மா, ஆத்தா என்பது ஆத்தா. அக்கி என்பது சூட்டில் வருவது. எனக்குச் சின்ன வயதில், எட்டு வயதில், ஆத்தா வந்து போயிற்று. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது. உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்து வயதான பிறகு அக்கியாக வருமா? ஐம்பத்து மூன்று வருஷமா? அத்தனை வருஷமா உள்ளே இருக்கும்?

அந்தக் கொப்புளத்துத் தண்ணீர் பட்டால் சின்னப் பிள்ளைக்குச் சின்னம்மை வரும் என்கிறீர்கள்.

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் முருகேஸ்வரி மகளிடமிருந்து ஏன் வந்திருக்கக் கூடாது? தொற்றிக்கொண்டு எத்தனை நாள் கழித்து முத்துப் போடும்? குறைந்தது பத்து நாளா? கூடினால் இருபத்தொன்று. சரி. அந்தப் பெண் வராமல் நின்றது மூன்றாம் தேதி. மூன்றிலிருந்து எட்டுக்கு ஐந்து நாள். பத்துக்கு ஏழு நாள். பதினொன்றுக்கு எட்டு. பன்னிரண்டுக்கு ஒன்பது. பத்துப் பிள்ளைகள் ஆகிறது. பத்தும் கணக்கில் வரவில்லை. பதினைந்தாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள். அந்த இரண்டு பேர் வரலாம். பதினாறுக்குப் பதின்மூன்று நாள். அந்த ஒருவனும் வரலாம். மூன்று பேர் இன்னும் அவள் கணக்கில்தான் நிற்கிறார்கள், டாக்டரம்மா. அவளைச் சும்மா விட்டுவிட முடியாது.

ஜூன் இருபத்துநான்கிலிருந்து எண்ணச் சொல்கிறீர்கள். எண்ணுகிறேன். ஜூலை எட்டுக்குப் பதினான்கு நாள். எண்ணிவிட்டேன், காலண்டரிலிருந்து உங்கள் விரலை எடுங்கள்.

அந்த வாரத்து நோட்டு வேண்டுமா? இருக்கிறது. நான் எதையும் கிழிக்கிறவள் இல்லை. ஐந்து நாளில் முப்பத்தோரு பிள்ளைகள் இந்த அறைக்கு வந்திருக்கிறார்கள். முதலில் நெற்றியில் கை வைப்பேன். வலது கைதான். பிறகு அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து, பிள்ளை ஆட்டிவிடாமல் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். மூன்று நிமிஷம். ஒரு நாளும் குறைத்ததில்லை. ஆமாம், என் முன்கை பிள்ளையின் கைமேல்தான் இருக்கும். அந்த வாரம் கொப்புளம் இரண்டு மூன்று உடைந்தும் இருந்தது.

பிள்ளைகள் சிங்கத்தைத் தொட்டுப் பார்த்த கதையா? அதை உங்களிடம் யார் சொன்னது? பிள்ளைகளா? நீங்கள் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லாமலே இத்தனை விசாரித்திருக்கிறீர்கள்.

ஆமாம். “நர்சம்மா கையில சிங்கம் இருக்கு” என்று திங்கட்கிழமையே ஒரு பிள்ளை போய் வகுப்பில் சொல்லிவிட்டது. காய்ச்சல் பிள்ளை அழாமல் மூன்று நிமிஷம் படுத்திருந்தால், சிங்கத்துக்கு எத்தனை கால், எண்ணிச் சொல்லு என்பேன். விரலை வைத்து எண்ணுவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வால் அஞ்சாம் காலா நர்சம்மா என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பது வருஷத்தில் பிள்ளைகள் என்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. எனக்கு விளையாட்டுக் காட்டத் தெரியாது. அந்த ஒரு வாரம்தான்.

வாசியுங்கள், முத்துப் போட்ட பதின்மூன்று பேரின் பெயரை வாசியுங்கள். நான் நோட்டில் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை இரண்டு பேர் இருக்கிறார்கள். செவ்வாய் மூன்று. புதன் நான்கு. அந்த வால் கேட்டவள் புதன்கிழமைதான். வியாழன் இரண்டு. வெள்ளி ஒன்று. மறுபடியும் வாசியுங்கள். பெயர் ஒன்றாக இருந்து பிரிவு வேறாக இருக்கலாம். இல்லை, அதே பிரிவுதான். பன்னிரண்டு. நான் இன்னொரு தடவை கூட்டிக்கொள்கிறேன். பன்னிரண்டு.

பதின்மூன்றாவது பையன் இல்லை. மூன்றாம் வகுப்பு ‘அ’, பதினாறாம் தேதி முத்துப் போட்டவன். ஜூன் முழுக்கப் புரட்டிவிட்டேன், அவன் இந்த அறைக்கு வந்ததே இல்லை. இரண்டாம் நம்பர் வேனில் வருகிறவன். பார்த்தீர்களா? முருகேஸ்வரி வேன்.

காய்ச்சல் இல்லாமல் சிங்கத்தைப் பார்க்க மட்டும் வந்த பிள்ளைகள் உண்டா என்றால், உண்டு. இடைவேளையில் வந்தார்கள். அவர்களை எழுதவில்லை. நோயாளி அல்லாதவரை எப்படி எழுதுவது? எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். அந்தப் பையன் வந்திருக்கலாம் என்கிறீர்கள். வந்திருக்கலாம். நோட்டில் இல்லாததை நான் சொல்ல மாட்டேன்.

முருகேஸ்வரி மகளுக்கு முத்துப் போட்டதாகவும் நோட்டில் இல்லை. வயிற்றுப்போக்கு என்றுதான் இருக்கிறது. கேள்விக்குறி மட்டும்தான் நான் போட்டது. ஆமாம். அதைச் சொன்னதும் நான்தான்.

உங்கள் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லித் தாளாளருக்குக் கடிதம் போகும். பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம், நாளைக்கே வகுப்புக்கு வரலாம். போடாவிட்டால்? விசாரணை இன்னும் ஒரு மாதம் இழுக்கும். அதற்குள் வேறு ஆளை வேனில் ஏற்றிவிடுவார்கள். ஏற்கெனவே ஒருத்தி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், நான் பார்த்தேன். அந்தப் பெண்ணை அவள் மாமா ஊருக்குக் கொண்டுபோய் விடுவதாக முருகேஸ்வரி உங்களிடம் அழுதாளா? பிளெக்ஸ் போர்டு கட்டுகிற மாமாவிடமா?

அந்தப் பெண்ணைப் பற்றிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? சாதாரண உடல்நலக் குறைவு. அவ்வளவுதானே? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். டீச்சரிடம் நான் போய்ச் சொல்கிறேன், நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. தங்கப்பாண்டியிடமும் சொல்ல வேண்டும். ஆண்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

பேப்பரைக் கொடுங்கள். முழுவதும் படித்துவிட்டுத்தான் போடுவேன். நீங்கள் வேகமாக எழுதுகிறவர், வேகமாக எழுதுகிறவர்களிடம் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்.

இந்த இடத்தில் பதின்மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று பிள்ளைகளுக்கும் நோய்த்தடுப்பு அறைப் பணியாளரிடமிருந்து பரவியிருக்கலாம் என்று. முதலில், இது நோய்த்தடுப்பு அறை இல்லை, வாசலில் முதலுதவி அறை என்று போட்டிருக்கிறது. அதை மாற்றுங்கள். அடுத்தது, பதின்மூன்றை அடியுங்கள். அடித்துப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைச் சுருக்கிப் போடுங்கள். பன்னிரண்டு என்று எழுதுங்கள். பன்னிரண்டுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். பெயர், வகுப்பு, தேதி எல்லாம் என் நோட்டிலிருந்தே எடுத்து எழுதிக்கொள்ளலாம், அதில் தப்பு இருக்காது.

அந்தப் பையனைக் கீழே தனியாக எழுதுங்கள். என்னால் என்றும் எழுதாதீர்கள், அவளால் என்றும் எழுதாதீர்கள். ஆத்தாவுக்குத்தான் தெரியும் என்று எழுத முடியாது இல்லையா? அப்படியென்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். பதின்மூன்றில் பன்னிரண்டு போக, மீதி ஒன்று.